கால் பாட்டில் பூகோளம்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது நாணயமாகக் கைமாறக் கூடாது என்று யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்பது நாணய ஆய்வாளர்களின் கணிப்பு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வரை போன காசுகள் அவை.

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலத்தில் இதை வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒரு வருடம் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அவங்க தங்கத்தக் குடுத்து மிளகு வாங்குனாங்க, சரி. நாம அவங்ககிட்ட என்ன சார் வாங்குனோம்?" என்றான். பவளம், கண்ணாடி, மது என்றேன். 'மது' என்றதும் வகுப்பே சிரித்தது. "என்ன சரக்கு சார்?" என்று இன்னொருவன் கேட்டான். அதட்டி உட்கார வைத்தேன். கேள்வி என்னவோ நியாயமானதுதான். என்ன மது? எந்த ஊர் மது? எனக்கும் தெரியாது.

தேடிப் படித்தேன். முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு பதில் சொன்னது. பரிகாசா, அதாவது இன்றைய பரூச் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் ஒயினும் உண்டு. இத்தாலிய ஒயினுக்கு முதல் மரியாதை, அடுத்து லவோதிக்கேயா ஒயின், அரேபிய ஒயின் என்று அவர் தரம் பிரிக்கிறார். நம் பக்கத்து முசிறிக்கும் ஒயின் வந்தது, ஆனால் அதிகமில்லை என்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ஒயின் வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பிற்பாடு எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் அந்தச் சில்லுகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்து, இது கிரேக்கத் தீவான கோஸ் வகைச் சாடி, இது இத்தாலியின் கம்பானியா பகுதிச் சாடி என்று ஊர் வாரியாகச் சொன்னார். சில்லைப் பார்த்துத் திராட்சைத் தோட்டம் இருந்த ஊரைச் சொல்ல முடிகிறது என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

இவ்வளவையும் படித்த எனக்கு ஒயின் வாயில் எப்படி இருக்கும் என்று அப்போது தெரியாது. ஐம்பது வயது தாண்டும் வரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. இப்போது தொடுகிறேன். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருக்கிறது.

தொடாமல் இருந்ததற்குக் காரணம் கொள்கை அல்ல, பயம். என் சித்தப்பா சாராயத்தில் போனவர். பங்கு நிலம் போயிற்று, பிறகு ஈரல் போயிற்று, பிறகு அவரும் போனார். சித்தி இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குக் கண்ணாடி பாட்டில் என்றாலே ஒரு நெடி வரும். அதனால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சான் லீவில் வந்தபோது, விமானத்தில் கொடுத்த ஒரு குட்டிப் பாட்டிலைக் குடிக்காமல் எடுத்து வைத்திருந்து, "மாப்ள, நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல, இத்தாலி ஒயினு" என்று நீட்டியபோது அந்த அளவுதான் என்னைச் சமாதானப்படுத்தியது. 187 மில்லி. மூடியைத் திருகினால் திறந்துகொள்கிறது. முழு பாட்டிலாக இருந்திருந்தால் கைகூப்பித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இந்த அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒயினின் முழு பாட்டில் 750 மில்லி. அதில் பாதி 375, கால் 187. நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் நம் குவார்ட்டர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஒயினில் 13 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், கால் பாட்டிலுக்குள் 24 மில்லி. இதைக் கொண்டு ஒயின் நல்லது என்று யாரும் வாதாட வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதய நோய்க்கு ஒயின் மருந்து என்று கல்யாண வீட்டுப் பந்தியில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. நான் குடிப்பது மருந்துக்காக அல்ல. ஊர் பார்க்கக் குடிக்கிறேன். ஊர் பார்க்க 187 மில்லி தாராளம்.

சுங்கக் கணக்கும் இதற்குச் சாதகம். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் தீர்வை கட்டாமல் 2 லிட்டர் மது கொண்டு வரலாம். முழு பாட்டில் என்றால் இரண்டோடு நிறுத்த வேண்டும், மூன்றாவது இடிக்கும். கால் பாட்டில் என்றால் பத்து கொண்டு வந்தாலும் 1,870 மில்லிதான். பத்து பாட்டில், பத்து ஊர். மச்சானும், துபாயில் இருக்கும் அவன் தம்பியும் வரும்போதெல்லாம் லுங்கிக்குள் சுற்றிப் பெட்டிக்கு நடுவில் வைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் அறந்தாங்கிப் பக்கம் பாதி வீட்டுப் பெட்டிகளில் தைலமும் சோப்பும் சாக்லேட்டும் வருகிறது, என் வீட்டுக்கு இது.

ஆனால் குட்டிப் பாட்டிலில் ஒரு தொந்தரவு உண்டு. விமானத்திலும் ஹோட்டலிலும் விற்பதற்காக அடைப்பது என்பதால், பேர் பெற்ற பகுதிகளின் ஓடும் சரக்குதான் அதிகம் கிடைக்கும். இத்தாலி என்றால் வடக்கே வெனெட்டோ பகுதியின் ப்ரோசெக்கோ வரும். நான் கேட்டது தெற்கே கம்பானியா, வெசுவியஸ் எரிமலையின் அடிவாரம். கருக்காக்குறிச்சிப் புதையலின் கடைசிப் பேரரசர் வெஸ்பாசியன் செத்தது கி.பி. 79இல். அதே வருடம்தான் வெசுவியஸ் வெடித்துப் பொம்பெயியையும் சுற்றியிருந்த தோட்டங்களையும் மூடியது. அந்த மண்ணில் இன்றும் அல்யானிக்கோ, ஃபலங்கினா என்ற திராட்சைகள் விளைகின்றன. கம்பானியாவின் கால் பாட்டில் எனக்கு இன்று வரை சிக்கவில்லை. ஒரு அரை பாட்டில் அல்யானிக்கோ மட்டும் ஒரு தடவை வந்தது. கறுப்பு, கனம், நல்ல துவர்ப்பு. ரோமானியர் குடித்தது இதுவேதான் என்று சொல்ல எவருக்கும் ஆதாரம் இல்லை. அதே மலை என்று சொல்லலாம், அது போதும்.

லவோதிக்கேயா என்பது சிரியாவின் இன்றைய லதாக்கியா. அங்கே மலைச்சரிவில் பார்ஜிலஸ் என்ற தோட்டம் இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்த வருடங்களில் அதன் உரிமையாளர்கள் பெய்ரூட்டில் இருந்துகொண்டே அதை நடத்தினார்கள். பழம் பழுத்துவிட்டதா, அறுக்கலாமா என்று பார்க்க, திராட்சைக் குலைகளை ஐஸில் வைத்து டாக்ஸியில் எல்லை தாண்டி வரவழைத்துச் சுவைத்துப் பார்த்து முடிவெடுத்தார்கள். குண்டு விழும் நாட்டில் ஒரு பழக் குலைக்கு டாக்ஸி பிடித்தவர்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்த ஒயின் குட்டிப் பாட்டிலில் எனக்கு அகப்படவில்லை. பக்கத்து லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கு அகப்பட்டது. இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் தட்டையான பூமி. அங்குள்ள பால்பெக்கில் ரோமானியர் தங்கள் மது தெய்வத்துக்குக் கட்டிய கோயில் இன்னும் நிற்கிறது. 1857இல் ஏசு சபைப் பாதிரிமார் கைக்கு வந்த க்சாரா தோட்டம் அங்கே இப்போதும் ஒயின் செய்கிறது.

பாதிரிமார் என்றதும் நம் ஆவூர் நினைவுக்கு வரும். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவே உள்ள அந்த ஊரில் 1697இல் ஏசு சபையின் பூஷே அடிகள் கோயில் எழுப்பினார். பூசைக்குத் திராட்சையில் செய்த ஒயின்தான் வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கண்டிப்பான விதி, கள்ளோ பனஞ்சாறோ கூடாது. அப்படியென்றால் இந்த வறண்ட பூமியிலும் முந்நூறு வருடமாக ஏதோ ஒரு சின்னக் குப்பியில் ஏதோ ஒரு நாட்டுத் திராட்சை வந்துகொண்டேதான் இருந்திருக்க வேண்டும். நான் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய பாடம் ஜார்ஜியாவிலிருந்து வந்தது. என் அக்கா மகள் திபிலிசியில் மருத்துவம் படித்தாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். முதல் விடுமுறைக்கு வந்தவள், விமான நிலையத்தில் வாங்கிய ஒரு குட்டி மண் குடுவையைக் கையில் திணித்து, "மாமா, இது உங்களுக்கு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். அக்காவுக்கு அன்று சாயந்தரமே தெரிந்துவிட்டது, அது வேறு கதை. குடுவை அழகு, உள்ளே இருந்தது சுமார். சுற்றுலாக்காரர்களுக்காகத் தித்திப்பாகச் செய்தது.

ஆனால் அவள் சொன்ன விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. ஜார்ஜியாவில் ஒயினை மண்ணுக்குள் புதைத்த தாழியில் ஊற வைக்கிறார்கள். க்வெவ்ரி என்று பெயர். வாய் மட்டும் தரைமட்டத்தில் தெரிய, கழுத்து வரை பூமிக்குள் இருக்கும். சில தாழிகள் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும். உள்பக்கம் தேன்மெழுகு பூசுகிறார்கள். திராட்சைச் சாறோடு தோலும் விதையும் சில ஊர்களில் காம்பும் சேர்த்துக் கொட்டி, பொங்கி அடங்கியதும் வாயை மூடி முத்திரை வைத்துவிட்டால், ஐந்தாறு மாதம் கழித்துத்தான் திறப்பு. வெள்ளைத் திராட்சையானாலும் தோலோடு ஊறுவதால் தேன் நிறம் ஏறிவிடும். இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே கதாச்ரிலி கோரா என்ற மேட்டில் கிடைத்த பானைச் சில்லுகளில் ஒட்டியிருந்த எச்சத்தைச் சோதித்து, ஏறக்குறைய 8,000 வருடத்துக்கு முன்பே அங்கே ஒயின் செய்திருக்கிறார்கள் என்று 2017இல் அறிவித்தார்கள்.

தாழியைப் பார்த்துத்தான் நாம் வளர்ந்தோம். கிணறு வெட்டினால் தாழி வரும், சாலை போட்டால் தாழி வரும். நாம் செத்தவர்களை வைத்த பாத்திரத்தில் அவர்கள் ஒயினை வைக்கிறார்கள். அக்கா மகள் அனுப்பிய படங்களை எடுத்துக்கொண்டு, அய்யனார் கோயிலுக்கு மண் குதிரை செய்யும் ஒரு வேளாரிடம் போய்க் காட்டினேன். செல்போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பொதச்சிட்டா வெடிக்காது சார், சுத்தி மண்ணு தாங்கிக்கும். மெழுகு பூசுறதும் சரிதான், கசியாது. ஆனா இத எப்புடிக் கழுவுவாங்க? ஆளு உள்ள எறங்கணுமே?"

எனக்குத் தோன்றாத கேள்வி. அக்கா மகளிடம் கேட்டேன். ஆள்தான் இறங்குகிறார்கள் மாமா என்றாள், செர்ரி மரப் பட்டையைக் கட்டிய பிரஷ்ஷால் தேய்த்துச் சுண்ணாம்பு நீர் விட்டு அலசுவார்களாம். வேளாரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். "அப்பச் சரி" என்றார், தன் தொழில்காரன் ஒருவனின் வேலையைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கிற தோரணையில். ஒயின் பற்றிய எந்தப் புத்தகமும் எனக்கு அந்த அளவுக்குச் சொல்லித்தரவில்லை.

அடுத்த விடுமுறையில் சபெராவி வந்தது, இந்தத் தடவை நல்ல தயாரிப்பு, ககேத்தி மாவட்டத்துடையது. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்குத் தோல் மட்டும்தான் நிறம், உள்ளே சதை வெளுப்பு. சபெராவிக்குச் சதையே சிவப்பு. நாவல் பழம் தின்றதைப் போல நாக்கு ஊதாவாகிவிட்டது. வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் ஒரு வாய் கூடத் தொட மாட்டாள், ஆனால் மோந்து பார்ப்பாள், மூக்கு என்னைவிடக் கூர்மை.

அந்த மூக்கால்தான் நான் குறிப்பு எழுதப் பழகினேன். புத்தகங்கள் கருந்திராட்சை வற்றல், நெல்லி போன்ற ஏதோ ஒரு சீமைப் பழம், ஈர ஓக் மரம் என்றெல்லாம் சொல்லும். முகர்ந்தே பார்க்காத பழத்தை எப்படி எழுதுவது? பள்ளிக்கூட நோட்டில் எங்கள் அகராதியைப் போட்டுக்கொண்டோம். வடகாட்டுப் பலாச்சுளை, கொடுக்காப்புளி, கடுக்காய்த் தண்ணீர், முதல் மழைக்குப் பின் செம்மண், பழைய பேப்பர் கட்டு. துவர்ப்பைச் சுவையில் ஒன்றாக எண்ணிப் பழகிய நாக்கு நமக்கு, அதனால் சிவப்பு ஒயின் முதல் வாயிலேயே பிடிபடுகிறது. கோஸ் தீவு ஒயினில் அந்தக் காலத்தில் கடல் தண்ணீர் கலப்பார்கள், கேட்டோ என்ற ரோமானியர் செய்முறையே எழுதிவைத்திருக்கிறார். படித்துவிட்டு, ஒரு சாதாரண கிரேக்க வெள்ளை ஒயினில் ஒரு கல் உப்பு போட்டுப் பார்த்தேன். கண்றாவி. ஆதனக்கோட்டை வறுத்த முந்திரியோடு உப்பில்லாமல் குடித்தது பிரமாதம்.

எங்கள் வெயிலில் இதை வைத்துக் காப்பது தனி வித்தை. சித்திரை, வைகாசியில் அலமாரியில் நிற்க வைத்தால் வெந்த பழ வாடை வந்துவிடும். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டுதான் சரியான இடம், வெண்டைக்காய்க்கு அடியில். குட்டிப் பாட்டிலில் ஒயின் சீக்கிரம் கிழடு தட்டும், உள்ளே ஒயினின் அளவோடு பார்த்தால் காற்று அதிகம். அதனால் லேபிளில் அறுவடை வருடம் பார்த்து, இளசாக இருப்பதைத்தான் வாங்கச் சொல்வேன். நாள் பட வைத்துக் குடிக்கிற ஆசை இருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். இன்னொன்று, மில்லிக் கணக்கில் விலையும் கூடுதல். எனக்கு அது கட்டுப்படியாகிறது. முழு பாட்டிலைத் திறந்தால் ஒரு ஆள் தீர்க்க முடியாது, நம் வெப்பத்தில் மூன்றாம் நாள் அது காடிதான். தீர்க்க முயன்றால் என்ன ஆகும் என்பதை என் சித்தப்பா எங்களுக்குக் காட்டிவிட்டார். மாதத்தில் ஏதோ ஒரு சனிக்கிழமை, ஒரு கால் பாட்டில், அட்லஸ் பக்கத்தில். எனக்கு அதைத் தாண்டத் தோன்றியதில்லை. ஆனால் இது என் உடம்பு, என் மனசு. ஒரு வாயில் நிற்க முடியாது என்று தன்னைத் தெரிந்தவர்கள் அட்லஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உள்நாட்டு ஒயினை நான் பார்த்தது மகள் இருக்கும் பெங்களூரில். பிற மாநிலச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் எடுத்து வருவது சட்டச் சிக்கல் என்பதால் அங்கேயே ருசித்துவிட்டு வருவேன். நந்தி மலை, நாசிக், சோலாப்பூர் பக்கத்து அக்லூஜ், ஹம்பி என்று அரை பாட்டில்கள். 1990களின் கடைசியில் நாசிக்கில் சூலா தொடங்கியதையும், அதற்கு முன்பே 1988இல் நந்தி மலையில் குரோவர் குடும்பம் பிரெஞ்சு நிபுணர்களை வைத்துத் தொடங்கியதையும் பலர் எழுதிவிட்டார்கள். ஹம்பியின் சிவப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. மருமகன் ஊற்றிக் கொடுக்க மாமனார் குடிப்பது சரியா என்று சம்பந்தி அம்மாள் மட்டும் இன்னும் ஒரு தீர்ப்புக்கு வரவில்லை.

இத்தனை ஊர் சுற்றியும் பக்கத்து ஊர் பாக்கி. கம்பம் பள்ளத்தாக்கு. புதுக்கோட்டைச் சந்தையில் தள்ளுவண்டியில் கருநீலமாகக் குவித்து வைத்திருக்கும் பன்னீர் திராட்சை அங்கேதான் விளைகிறது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். வாசனைத் திராட்சையான அலெக்சாண்டிரியா மஸ்கட்டின் வாரிசு, ரோஜா வாடை அங்கிருந்து வந்தது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்றும் சேர்ந்து, எளிதில் காணக் கிடைக்காத ஒன்றை அந்த மண்ணுக்குக் கொடுத்திருக்கின்றன. அங்கே வருடம் முழுக்க அறுவடை. ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் உறங்கும், வருடத்துக்கு ஒரு காய்ப்புதான். கம்பத்தில் கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை தயார், தோட்டத்துக்குத் தோட்டம் தேதி மாறும். தை மாதத்துப் பழமும் ஆடி மாதத்துப் பழமும் ஒரே சுவையாக இருக்க வழியில்லை. அந்த வித்தியாசத்தைப் பாட்டிலில் காட்டக்கூடிய பகுதி உலகத்தில் அதிகமில்லை.

கம்பத்துத் திராட்சையில் செய்த ஒயின் உண்டு. ஒரு நண்பர் வீட்டில் குடித்தேன். வாசனை ஜோர், தித்திப்பு மட்டும் இரண்டு பங்கு அதிகம், பழத்தை நம்பாமல் சர்க்கரையை நம்பியது. லேபிளில் எந்த ஊர்ப் பழம், எந்த மாதத்து அறுப்பு என்று ஒரு வரி இல்லை. சிரியாக்காரன் போர் நடந்தபோதும் தன் மலையின் பெயரைப் பாட்டிலில் போட்டான். புவிசார் குறியீடு வாங்கிய நாம் ஊர்ப் பெயரைப் போட மாட்டோம் என்றால், அந்தக் குறியீடு எதற்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒயின் செய்கிறவர்களுக்கும், செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு வாடிக்கையாளனாக என் விண்ணப்பம் இது. சுருளிப்பட்டிப் பழத்தைத் தனியாக அடையுங்கள், காமயகவுண்டன்பட்டிப் பழத்தைத் தனியாக அடையுங்கள். அறுத்த மாதத்தைப் போடுங்கள். சர்க்கரையைக் குறையுங்கள். 187 மில்லி பாட்டிலில் திருகு மூடி போட்டுக் கொடுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மாதம் ஒன்று என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.